ஹெட் நட்டு: எவ்வளவு டைட் போதும்?

என்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது நாம் எதையெல்லாம் கேட்கிறோம்? பிஸ்டன் எந்தக் கம்பெனி, ரிங் ஒரிஜினல்தானா, பிளாக்கை எந்த லேத்தில் போர் போடப் போகிறார்கள், என்ன ஆயில் ஊற்றுவார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இத்தனையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிற அந்த நான்கு நட்டுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மெக்கானிக் "ஹெட் டைட் வெச்சாச்சு" என்பார், நாமும் தலையாட்டிவிடுவோம். எவ்வளவு டைட், எந்த வரிசையில், மரையில் ஆயில் இருந்ததா, காய்ந்திருந்ததா என்பதெல்லாம் பேச்சிலேயே வராது.

எனக்கு என்ஜின் வேலையில் பிடித்த கட்டமே இதுதான். பிஸ்டன் மாற்றுவதும் டைமிங் செயின் கோப்பதும் கவனமாகப் பார்த்தால் வந்துவிடும். ஹெட் நட்டு இறுக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை. சரியாகச் செய்தீர்களா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியாது. ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தெரியும். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நட்டுகள் எதைத் தாங்குகின்றன என்று பார்ப்போம். நம் ஊர்த் தெருக்களில் அதிகம் ஓடும் ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 97.2 சிசி. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. ரசிகர்கள் இன்றும் உயிராகப் பாதுகாக்கும் ஆர்எக்ஸ் 100-க்கும் போர் அதே 50 மி.மீ.தான். 50 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ. முழு த்ராட்டிலில் பெட்ரோல் எரியும் உச்ச நொடியில் உள்ளே அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட ஒரு டன். உள்ளங்கையில் அடங்குகிற அந்த அலுமினிய ஹெட்டைத் தூக்கியெறிய ஒரு டன்! அதுவும் ஒரு தடவை அல்ல. 5000 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் இந்த அடி விழுகிறது. டூ ஸ்ட்ரோக் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. ஆர்எக்ஸ் 100 தன் உச்ச சக்தியைக் கொடுக்கும் 7500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 125.

இந்த அடிகளுக்கு நடுவில் ஹெட்டும் பிளாக்கும் ஒரு மயிரிழைகூடப் பிரியக் கூடாது. பிரிந்தால் ஹெட் பேக்கிங் அங்கேயே எரியத் தொடங்கும்.

அப்படியானால் நட்டை இறுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? "நட்டு போய் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்டட் இழுபடுகிறது என்பதே சரி. கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும் அந்த எஃகுக் கம்பி, நட்டு சுற்றச் சுற்ற, நீள்கிறது. நீண்ட கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திரும்பும் இழுப்புதான் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்து அமுக்குகிறது. கயிற்றுக் கட்டில் பின்னியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: கட்டிலைத் தாங்குவது கயிறு அல்ல, கயிற்றில் ஏறியிருக்கும் இழுவிசை. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினால் சட்டமே கோணும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. 8 மி.மீ. ஸ்டட், 20 நியூட்டன் மீட்டர் டார்க் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்கான எண். உங்கள் வண்டியின் எண் அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதை மட்டுமே பின்பற்றுங்கள்.) காய்ந்த மரையில் இந்த டார்க் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறக்குறைய ஒண்ணேகால் டன் இழுவிசையை ஏற்றும். நான்குக்கும் சேர்த்து ஐந்து டன். ஸ்டட்டின் நீளம் 15 செ.மீ. என்றால் அது கால் மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் உங்கள் என்ஜினின் கம்ப்ரஷனைக் காத்து நிற்கிறது.

ஒரு டன் தூக்குதலுக்கு எதற்கு ஐந்து டன் அமுக்கம் என்று கேட்கலாம். பேக்கிங் நசுங்கி மேடு பள்ளங்களை நிரப்ப ஒரு பங்கு வேண்டும். சூட்டிலும் குளிரிலும் பேக்கிங் கொஞ்சம் தளரும், அதற்கு ஒரு பங்கு. மீதி, ஸ்டட்டின் ஆயுளுக்கு. இந்த மூன்றாவது விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். அமுக்கம் போதுமான அளவு இருக்கும் வரை, ஒவ்வொரு எரிப்பின் அடியிலும் ஸ்டட்டுக்குப் போய்ச் சேரும் கூடுதல் இழுப்பு மிகக் கொஞ்சம். பெரும்பங்கை அமுங்கியிருக்கும் ஹெட்டும் பிளாக்கும் பார்த்துக்கொள்கின்றன. அமுக்கம் குறைந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் நேராக ஸ்டட்டில் விழும். நொடிக்கு நாற்பது தடவை இழு, விடு, இழு, விடு. உலோகம் சோர்ந்துபோய் ஒரு நாள் அறுந்துவிடும். ஸ்டட் அறுந்தாலே "ஓவர் டைட்" என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்த ஸ்டட் பல நேரம் லூஸாக இருந்த ஸ்டட்தான்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். நமக்கு வேண்டியது இழுவிசை. ஆனால் கையால் கொடுக்க முடிந்தது முறுக்கு மட்டும். டார்க் ரெஞ்ச் அளப்பதும் முறுக்கைத்தான். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் வாஷரோடு உரசுவதில் போய்விடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வில் போகிறது. ஸ்டட்டை இழுக்க மிஞ்சுவது பத்து சதவீதம் அளவுதான். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தொண்ணூறு சதவீதம் உராய்வுக்குப் போகிறது என்றால், உராய்வு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பத்து சதவீதம் தலைகீழாக மாறிவிடும்.

மேலே சொன்ன அதே ஸ்டட், அதே 20 நியூட்டன் மீட்டர். காய்ந்த மரையில் ஒண்ணேகால் டன். மரையில் என்ஜின் ஆயில் தடவினால் ஏறக்குறைய 1.7 டன். வழுவழுப்புக்காக மாலிப்டினம் பேஸ்ட் பூசினால் 2 டன்னைத் தாண்டும். 8.8 என்று தரம் போட்ட 8 மி.மீ. எஃகுக் கம்பி நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லையே ஏறக்குறைய 2.1 டன்தான். ரெஞ்ச் மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் "டிக்" என்றது, ஆனால் உள்ளே நடந்தது மூன்று வேறு விஷயங்கள். மறுபக்கம், துருவும் மணலும் பிடித்த மரையில் அதே 20 கொடுத்தால் ஒரு டன்கூடத் தேறாது.

அதனால் "ஆயில் போடலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள். ஹோண்டா வழி மேனுவல்கள் பலவற்றில் ஹெட் நட்டின் மரையிலும் உட்காரும் பரப்பிலும் என்ஜின் ஆயில் தடவச் சொல்லியிருக்கும். அந்த எண், ஆயில் தடவிய நட்டுக்காகக் கணக்கிட்ட எண். காய விட்டு இறுக்கினால் அமுக்கம் குறையும். ஆயில் சொல்லாத இடத்தில் ஆயில் தடவினால் கூடும். நடுவில் நம் யோசனையைப் புகுத்தக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல வேலைக்காரர், சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கேப் கூடியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்.

"அண்ணே, டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கிடலாம்ல?"

"எதுக்கு தம்பி? முப்பது வருசமா இந்தக் கைதான். கைக்குத் தெரியும்."

அவர் கைக்குத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே ஸ்பேனர், ஒரே மாதிரி வண்டி, தினமும் ஒரே வேலை என்றால் கை ஒரு அளவைப் பழகிவிடும். ஆனால் கை எதை உணர்கிறது? முறுக்கைத்தான். உராய்வு மாறினால் கைக்கும் தெரியாது, ரெஞ்சுக்கும் தெரியாது. அதோடு கைக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. 15 செ.மீ. நீள ரிங் ஸ்பேனரில் 20 நியூட்டன் மீட்டர் கொடுக்க ஏறக்குறைய 13, 14 கிலோ இழுத்தால் போதும். ஒரு சராசரி ஆள் தோளைக் கொஞ்சம் கொடுத்து இழுத்தால் 25, 30 கிலோ சர்வசாதாரணமாக வரும். அதாவது இரண்டு மடங்கு டார்க். காலையில் இழுக்கும் கையும் சாயங்காலம் ஆறாவது வண்டிக்கு இழுக்கும் கையும் ஒன்றல்ல. மரை, போல்ட் பற்றிய பொறியியல் கையேடுகளில் ஒரு அட்டவணை இருக்கும். கை உணர்வில் இறுக்கினால் இழுவிசை 35 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். டார்க் ரெஞ்ச் வைத்தால் அது 25 சதவீதம் ஆகும். டார்க் ரெஞ்சும் மாய மந்திரம் அல்ல என்பதை இதிலேயே பார்க்கலாம். மரை சுத்தமாக இருந்தால்தான் ரெஞ்சுக்கு அர்த்தம். ரெஞ்ச் வாங்கிவிட்டு மரையைக் கழுவாதவரைவிட, மரையைக் கழுவி, பழகிய கையால் இறுக்குபவர் மேல். இரண்டையும் செய்பவர் எல்லோருக்கும் மேல்.

அண்ணனிடம் நான் அப்போது சொன்னது இவ்வளவுதான்: நான்கு நட்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதைக் கை சொல்லாது அண்ணே. அதற்கு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது சரிதான்" என்றார்.

நான்கும் ஒன்றுபோல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? நண்பர் ஒருவரின் ஸ்பிளெண்டர் கதையைச் சொல்கிறேன். வேறொரு இடத்தில் பிளாக் வேலை முடித்து, சில மாதங்களில் ஃபின்களுக்கு நடுவே ஆயில் கசிய ஆரம்பித்தது. புழுதி ஒட்டி ஒரு பக்கம் கறுப்பாகப் படை கட்டியிருந்தது. கிக்கரை மெதுவாக மிதித்தால் 'புஸ்' என்று ஒரு சின்ன மூச்சு. என்ஜினை நன்றாக ஆறவிட்டுப் பிரித்தோம். ஒரு நட்டு விரலால் தள்ளியதுபோல் சுலபமாக வந்தது. அதற்கு மூலைவிட்டத்தில் இருந்த நட்டுக்கு முழு உடம்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் அடியில் இருந்த வாஷர் ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண மெல்லிய வாஷர், கிண்ணம்போலக் குழிந்திருந்தது. செம்பு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வாஷர். ஸ்கேலை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. சின்ன என்ஜின்களில் பொதுவாக 0.05-க்கு மேல் போகக் கூடாது. ஹெட் கோணியிருந்தது.

பேக்கிங் மட்டும் மாற்றியிருந்தால் அது திரும்பவும் கசிந்திருக்கும். வால்வுகளைக் கழற்றிவிட்டு, கனமான தட்டைக் கண்ணாடியின் மேல் எமரி தாள் விரித்து, ஆயில் விட்டு, ஹெட்டை எட்டுப் போடுவதுபோல் மெதுவாகத் தேய்த்து முகத்தைச் சமமாக்கினோம். அவசரப்படாமல், நடுநடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டே. சரியான வாஷர்களைப் போட்டு, சரியான டார்க்கில் இறுக்கினோம். அதன் பிறகு அந்த ஃபின்கள் காய்ந்தே இருக்கின்றன.

அந்தச் செம்பு வாஷரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல சின்ன ஹோண்டா வகை என்ஜின்களில் ஆயில் ஹெட்டுக்கு ஏறுவதே ஒரு ஸ்டட்டின் ஓட்டை வழியாகத்தான். அந்த இடத்தில் நட்டு அமுக்குவதோடு ஆயிலையும் அடைக்க வேண்டும். அதனால்தான் மென்மையான செம்பு வாஷரும் தொப்பி நட்டும். எது எங்கே இருந்தது என்று பிரிக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நட்டுகளை ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டால் அப்புறம் ஊகம்தான். பழைய செம்பு வாஷர் கெட்டிப்பட்டிருக்கும். புதிதாகப் போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் திரும்பவும் மென்மையாகும்.

பிரிக்கும்போதும் ஒழுங்கு உண்டு. சூடான என்ஜினின் ஹெட்டை ஒருபோதும் கழற்றாதீர்கள். சூட்டில் ஒரு பக்க நட்டை முழுதாக எடுத்துவிட்டு மறுபக்கம் அப்படியே இறுகியிருந்தால், அலுமினியம் அந்தக் கோணலிலேயே ஆறும். ஆறிய பிறகு, குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் செயின் பக்கம் இருக்கும் சின்ன 6 மி.மீ. போல்ட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். அதை மறந்துவிட்டு ஹெட்டை நெம்புபவர்கள் உண்டு.

சரி, இப்போது இறுக்குவோம். ஆனால் அதற்கு முன் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதில் போக வேண்டும். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவராலும் ஹாக்ஸா பிளேடாலும் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் அப்படியே கேஸ் வெளியேறும் வாய்க்காலாகிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் துண்டு, மரத்துண்டு, கொஞ்சம் தின்னர், நிறைய பொறுமை. ஸ்டட்டின் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். பிறகு எளிமையான ஒரு சோதனை: புது நட்டை விரலால் மட்டும் சுற்றுங்கள். மரையின் அடிவரை விரல் நுனியிலேயே போக வேண்டும். எங்காவது பிடித்தால் அங்கே மரை அடிபட்டிருக்கிறது, அல்லது ஸ்டட் ஏற்கெனவே எல்லை தாண்டி இழுபட்டிருக்கிறது. இழுபட்ட ஸ்டட்டில் மரைகளின் இடைவெளி மாறியிருக்கும். புது ஸ்டட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டட்டைக் கழற்ற பிளையர் போடாதீர்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டி, கீழ் நட்டைத் திருப்பினால் வந்துவிடும்.

ஸ்டட் இல்லாமல் போல்ட் நேரடியாக இறங்கும் என்ஜினாக இருந்தால், போல்ட் ஓட்டைகளுக்குள் பாருங்கள். அடி மூடிய ஓட்டையில் ஆயிலோ பெட்ரோலோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அமுக்கும். திரவம் அமுங்காது. டார்க் ஏறிவிட்டது என்று ரெஞ்ச் சொல்லும், ஹெட்டில் பிடிப்பே இருக்காது. இன்னும் அழுத்தினால் வார்ப்பே விரிசல் விடும்.

டவல் பின்கள், ஆயில் வழியின் ஓ ரிங், பேக்கிங் சரியான முகத்தில் இருக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு ஹெட்டை உட்கார வையுங்கள். நான்கு நட்டையும் விரலால் இறுக்குங்கள். பிறகு மேனுவல் சொல்லும் டார்க்கின் பாதியை மூலைவிட்ட வரிசையில் கொடுங்கள். முதலில் ஒன்று, அடுத்து அதற்கு எதிர் மூலை, பிறகு மற்ற இரண்டு. அடுத்த சுற்று முக்கால் பங்கு, கடைசிச் சுற்றில் முழு அளவு. கடைசி இழுப்பு ஒரே சீரான, மெதுவான அசைவாக இருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ரெஞ்ச் பொய் சொல்லும். நின்று நின்று இழுத்தாலும் தவறுதான், ஏனென்றால் நின்ற நட்டைத் திரும்ப அசைக்கக் கூடுதல் விசை வேண்டும். அந்தக் கூடுதலையே டார்க் வந்துவிட்டதாக ரெஞ்ச் நினைத்துக்கொள்ளும். "டிக்" கேட்டதும் விட்டுவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு "டிக்", பிறகு இன்னொன்று என்று போகும் பழக்கம் டார்க்கைக் கூட்டும். நான்கு பெரிய நட்டும் முடிந்த பிறகே பக்கவாட்டுச் சின்ன போல்ட். அதை முதலில் இறுக்கினால் ஹெட் உட்காருவதை அது தடுக்கும். டாப்பெட் கேப் வைப்பதும் இதற்கெல்லாம் பிறகுதான். ஹெட் இறுகும்போது அந்த இடைவெளி மாறும்.

ரெஞ்ச் வாங்குவது பற்றியும் கேட்பார்கள். கார் வீல் நட்டுக்கு விற்கும் 40 முதல் 200 வரையிலான பெரிய ரெஞ்ச் நம் வேலைக்கு ஆகாது. எந்த ரெஞ்சும் தன் எல்லையின் அடிமட்டத்தில் நம்பத்தக்கதல்ல. சின்ன வண்டிக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை ஒன்று போதும். அதற்கு மேல் உள்ள நட்டுகளுக்கும் வேண்டுமென்றால் இன்னொன்று. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். கிளிக் வகையாக இருந்தால் வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், கீழே போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை அல்லது 5000 இழுப்புக்கு ஒரு முறை அளவு சரிபார்க்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 6789 தரத்தின் விதி. பட்ஜெட் குறைவு என்றால், முள் காட்டும் பழைய கம்பி வகை ரெஞ்ச் அருமையான கருவி. உள்ளே கெட்டுப்போக எதுவுமே இல்லை.

அலகு விஷயத்தில் கவனம். பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் இருக்கும். ஒரு கிலோகிராம் மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டர். ஆங்கிலேய வண்டிகளின் மேனுவலில் அடி பவுண்டு. ஒரு அடி பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கணக்கல்ல. ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு 1955-இல் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியபோது, வண்டியோடு சேர்ந்து ஆங்கிலேய மரைகளும் இங்கே வந்தன. பழைய புல்லட்டை மில்லிமீட்டர் ஸ்பேனரால் நெருங்கினால் நட்டின் மூலைதான் மழுங்கும்; அதனால்தான் பழைய புல்லட் பட்டறைகளில் விட்வொர்த் ஸ்பேனர் செட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியின் அடி பவுண்டு எண்ணை நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கால் பங்குக்கு மேல் குறைவாக இறுக்குவீர்கள். நியூட்டன் மீட்டரை அடி பவுண்டாக எடுத்தால் 36 சதவீதம் கூடுதல்.

அதே பழைய புல்லட்காரர்களிடம் இருந்து வந்த ஒரு நல்ல பழக்கம், புது பேக்கிங் போட்டு 500 கிலோமீட்டர் ஓட்டியதும் ஹெட் நட்டுகளைத் திரும்பப் பார்ப்பது. பேக்கிங் சூட்டில் அமுங்கி உட்கார்ந்ததும் ஸ்டட்டின் இழுவிசை கொஞ்சம் குறைந்திருக்கும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், எஃகு ஸ்டட் என்று மூன்று உலோகம் சேர்ந்திருக்கும் இடம் அது. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடாகும்போதெல்லாம் அமுக்கம் ஏறி, ஆறும்போது இறங்கும். திரும்ப இறுக்குவதை முழுதாக ஆறிய என்ஜினில்தான் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நட்டு. கால் சுற்றுத் தளர்த்தி, உடனே முழு டார்க்குக்குக் கொண்டுவர வேண்டும். தளர்த்தாமல் அப்படியே ரெஞ்சை வைத்தால், உட்கார்ந்துபோன உராய்வைத்தான் அளப்பீர்கள். எல்லா வண்டிக்கும் இது தேவையில்லை. பல அடுக்கு எஃகுத் தகடு பேக்கிங் போட்ட புது என்ஜின்களில் ஒரு முறை இறுக்கினால் போதும். டார்க்குக்குப் பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுகளை, ஒரு முறை கழற்றினால் திரும்பப் பயன்படுத்தலாமா என்று அதே பக்கத்தில் தேடுங்கள். பலவற்றுக்குக் கூடாது.

ஓவர் டைட் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டட் எஃகு, அது இறங்கியிருக்கும் கிராங்க் கேஸ் அலுமினியம். கூடுதல் இழுப்பில் முதலில் தோற்பது அலுமினிய மரை. இறுக்கிக்கொண்டே போகும்போது திடீரென்று கை லேசாகி, நட்டு எதிர்ப்பில்லாமல் சுற்றத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரை பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஹெலிகாயில் போட்டுச் சரிசெய்யலாம். ஒழுங்காகப் போட்ட ஹெலிகாயில் பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பிளாக்கையே இறக்க வேண்டும். மரை தாங்கினாலும் ஆபத்து இருக்கிறது. சமமில்லாத இறுக்கத்தில் போர் வட்டம் கெட்டு நீள்வட்டமாகும். லேத்தில் நூலிழை பிசகாமல் போட்ட போர், ஹெட் இறுகியதும் கோணினால் ரிங் எப்படி உட்காரும்? ரேஸ் என்ஜின் செய்பவர்கள் இதனால்தான் பிளாக்கின் தலையில் கனமான ஒரு தகட்டை முழு டார்க்கில் பூட்டிவிட்டு, அந்த நிலையில் ஹோனிங் போடுகிறார்கள். "புது ரிங் போட்டும் புகை அடிக்குது" என்று வரும் வண்டிகளில் லேத்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஹெட் நட்டுகளையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் வாங்கி, நீங்கள் அதிகம் பார்க்கும் வண்டிகளின் எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கையின் அனுபவத்தை அது குறைக்காது. வேலைக்கு வந்திருக்கும் பையன் முதல் நாளிலிருந்தே சரியாக இறுக்கக் கற்றுக்கொள்வான். வண்டி கொடுக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஹெட் இறக்கும் வேலை வந்தால், பேக்கிங், வாஷர், ஓ ரிங் எல்லாம் புதிதாகப் போடச் சொல்லுங்கள்; டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள்; அதற்கு ஆகும் கூடுதல் ஒரு மணி நேரத்துக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.